பாடும்போது கிட்டே போகக்கூடாது

காலை ஐந்து ஐம்பதுக்கு மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நாயின் கயிறு அவள் கையில் இருந்தது.

"நீ வரலன்னா பரவால்லப்பா. நானே முத்துவைக் கூட்டிக்கினு போறேன். ஆட்டோ சொல்லிட்டேன்."

இராமதாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தான் இரண்டு தடவை நழுவியது.

"அங்க உனக்கு யாரையும் தெரியாது பூர்ணிமா."

"உனக்குத் தெரியும்ல. அதான் உன்னக் கூப்புடுறேன்."

அவள் தனியாக அங்கே போவது இன்னும் மோசம். அதனால்தான் அவர் கிளம்பினார்.

பசென்ஜி என்ற சாதி நாயை வளர்க்கிற வீடுகள் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்று ஊரிலும் சேர்த்துப் பதினொன்றுதான். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடியில் பிரேம்குமாரின் தென்னந்தோப்பில் கூடுவார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் நாயை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பழைய ஆளாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். அது அங்கே வழக்கம்.

வெள்ளிக்கிழமை பிரேம்குமார் போன் செய்தபோது இராமதாஸ் குளித்துக்கொண்டிருந்தார். பூர்ணிமா எடுத்தாள். "முத்து வராம ஒரு கூட்டமா?" என்று அவன் கேட்டிருக்கிறான். "வருவாங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் அவள் ஓசூருக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அப்பா நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அம்மா இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

பாக்கியலட்சுமி எப்படி இறந்தாள் என்பதை இராமதாஸ் முதலில் மகளுக்குத்தான் போனில் சொன்னார். பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். விழுந்த சத்தம் கேட்டது. ஓடினேன். தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள். மைத்துனர் கேட்டபோதும் இதையே சொன்னார். முதலியார்பேட்டையில் அவர்கள் குடியிருந்த தெருவே வந்து கேட்டது. ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்குள் அது எல்லாருக்கும் தெரிந்த சேதியாகிவிட்டது. அதன்பிறகு துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பூர்ணிமாவே சொன்னாள்.

"அம்மா தனியா போவல. அப்பா மடியிலதான் போச்சு."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். இரவில் அதை நினைத்துத்தான் தூங்குகிறேன் என்று ஒருநாள் அப்பாவிடமே சொன்னாள்.

எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவர் ஓடவில்லை.

பசென்ஜி குரைக்காது. அதற்காகவே அதை வாங்கினார்கள். பாக்கியலட்சுமிக்கு ஒற்றைத் தலைவலி. எதிர்வீட்டு நாய் குரைத்தால் ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு இராமதாஸ் நாய் வேண்டும் என்றபோது, "வச்சுக்க. ஆனா அதுக்கு வாய் இருக்கக் கூடாது" என்றாள். தேடித் தேடி பெங்களூரில் ஒருவரிடமிருந்து முத்துவைக் கொண்டுவந்தார். செம்பழுப்பு உடம்பு. வெள்ளை மார்பு. இடுப்பின் மேல் முறுக்கு மாதிரி சுருண்ட வால். நெற்றியில் எந்நேரமும் சுருக்கம், என்னவோ கவலையில் இருப்பது போல. பூனையைப் போலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். தெருவில் அதற்கு ஊமை நாய் என்று பெயர்.

ஊமை இல்லை. எப்போதாவது பாடும். கழுத்தை மேலே தூக்கி, சேவல் கூவலுக்கும் பிள்ளை அழுகைக்கும் நடுவில் ஒரு குரல். குழுவில் அதைப் பாட்டு என்றுதான் சொன்னார்கள். சில நாய் குக்கர் விசிலுக்குப் பாடும். சில நாய் தீயணைப்பு வண்டிக்குப் பாடும். பாதி நாய்கள் பாடுவதே இல்லை. அதனால் தன் நாயின் பாட்டைப் பிடித்துக் குழுவில் போடுகிறவர்களுக்கு அங்கே தனி மரியாதை. அதற்கு ஒரு விதியும் உண்டு. பாடும்போது கிட்டே போகக்கூடாது. போனால் நிறுத்திவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வாயைத் திறக்காது. இருந்த இடத்திலிருந்து, அசையாமல், போனை எடுக்க வேண்டும்.

எட்டாம் தேதி, பாக்கியலட்சுமி இறந்த அன்றைக்கு, அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். முத்து பின்பக்கமிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றது. அவரைப் பார்த்தது. பாடியது.

அப்படி ஒரு பாட்டை அது அதற்கு முன் பாடியதில்லை. அவர் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டிப் பக்கத்திலிருந்த போனை எடுத்தார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. நடுவில் அது மூன்று தடவை பின்பக்கம் திரும்பியது, மூன்று தடவை அவர் பக்கம் திரும்பியது. கேமராவைப் பார்க்கிறது என்று சந்தோஷப்பட்டார். பாட்டு கலையக் கூடாதென்று குரலை ஏற்றாமல் மனைவியைக் கூப்பிட்டார்.

"பாக்கியம், இங்க வந்து பாரு. உம்புள்ள பாடுறான்."

அவள் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே போனுக்குச் சொன்னார்.

"வரமாட்டா. மகாராணி தூக்கம்."

குழுவில் போட்டார். போட்ட மாத்திரத்தில் பதில் வர ஆரம்பித்தது. இதயம், கைதட்டல், எப்படிண்ணா, எதுக்குப் பாடுது, இன்னொரு தடவை எடுங்க. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். ஒற்றை விரலால் எழுதுகிறவர், நேரம் பிடித்தது. முத்து வந்து வேட்டி நுனியைக் கவ்வி இழுத்தது. "இர்றா" என்றார். மறுபடி இழுத்தது. காலால் தள்ளிவிட்டார். நாலரை மணிக்குத் தேத்தண்ணி கேட்கலாம் என்று எழுந்து போனார்.

தொட்டி நிறைந்து தண்ணீர் சமையலறை வரைக்கும் வந்திருந்தது. பாக்கியலட்சுமி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஈரச் சிமெண்டில் பதிந்திருந்த கன்னம் சில்லென்றிருந்தது.

"விழுந்து எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தான்" என்றார் இராமதாஸ்.

டாக்டர் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள்தான் அவருக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. அழிக்கப் போனார். இரண்டு நாள் தாண்டிவிட்டால் எல்லோரிடமிருந்தும் அழிக்க முடியாது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தன் போனில் மட்டும் அழிந்தது. மற்றவர்கள் போனில் அது அப்படியே இருந்தது. "பாக்கியம், இங்க வந்து பாரு" என்பது குழுவில் ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டிருந்தது. யார் புதிதாகப் படம் போட்டாலும் யாராவது அதை எழுதினார்கள். மனைவி இறந்துவிட்டாள் என்று அவர் குழுவில் சொல்லவில்லை. சொன்னால் என்றைக்கு என்று கேட்பார்கள்.

ஆட்டோவில் முத்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கடல்காற்று அடித்தது. பூர்ணிமா அதன் நெற்றிச் சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

"அவங்கல்லாம் துக்கம் விசாரிச்சாங்களாப்பா?"

"ம்."

"நல்ல மனுஷங்கதான் போல."

அவர் வெளியே பார்த்தார். திரும்பிப் போகச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். தலைசுற்றல் என்று சொல்லலாம். சொன்னால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வாள், ஊருக்குப் போகாமல் லீவை நீட்டுவாள். ஒன்றும் சொல்லாமலே பிள்ளைச்சாவடி வந்துவிட்டது.

தோப்புக்கு ஆளுயரத்துக்கு மேல் மதில். பசென்ஜி ஏறிக் குதிக்கும் என்பதால் மதிலுக்கு மேல் மீன்வலையும் கட்டியிருந்தான் பிரேம்குமார். நாற்பது வயது, மீனவ வீட்டுப் பிள்ளை, சொந்தமாக விசைப்படகு இருந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தான். முத்துவைப் பார்த்ததும் உள்ளே திரும்பிச் சத்தம் கொடுத்தான்.

"பாக்கியம், இங்க வந்து பாரு. முத்து வந்துட்டான்."

உள்ளே இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

பூர்ணிமா நின்றுவிட்டாள். "எங்க அம்மா பேர ஏன் சொல்றாங்க?"

"நீங்கதான் பொண்ணா? நான்தாம்மா போன்ல பேசுனது. எங்க, அக்கா இன்னிக்கும் வரலையா? இன்னும் தூக்கந்தானா?"

இராமதாஸ் முத்துவின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்யக் குனிந்தார்.

"அம்மா தவறிட்டாங்க" என்றாள் பூர்ணிமா. "ஏழு வாரம் ஆச்சு."

பிரேம்குமார் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் அப்படிச் செய்தான். பூர்ணிமா அப்பாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லவே இல்லையாப்பா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அது உண்மை.

பிரேம்குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. பிறகு பூர்ணிமாவிடம் திரும்பினான். "மன்னிச்சுக்கம்மா. அது எங்க குரூப்ல சும்மா ஒரு பேச்சு. அண்ணன் ஒருவாட்டி அக்காவ அப்படிக் கூப்ட்டாரு. அதுலேர்ந்து எல்லாரும் சொல்லிக்கினு இருந்தோம். தெரிஞ்சிருந்தா நாக்க அறுத்துக்கினு இருப்போம்."

"எப்பக் கூப்ட்டாரு?"

"எப்பவோ. நாயப் பாக்கச் சொல்லி."

அவன் உள்ளே போய் ஒவ்வொருவர் காதிலும் சொன்னான். சிரிப்புச் சத்தம் அடங்கியது. ஒவ்வொருவராக வந்து இராமதாஸின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவருக்கு மூச்சு சீராக வந்தது. இனி யாரும் அந்த வீடியோவைப் பற்றி வாயெடுக்க மாட்டார்கள். இறந்தவளின் பெயர் அதில் இருக்கிறது. மரியாதை தெரிந்தவர்கள். பாக்கியலட்சுமி செத்தே தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை உடனே தள்ளினார்.

தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எட்டு நாய்கள் வந்திருந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். அத்தனை நாய்கள் ஒன்றையொன்று மோந்துகொண்டு திரிகின்றன, கயிறு உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

முதலில் பிரேம்குமார் எழுந்தான். நிலைமையை லேசாக்க வேண்டிய பொறுப்பு தனக்கு இருப்பதாக நினைத்தவன் போலக் கொஞ்சம் சத்தமாகவே பேசினான்.

"இவன் பேரு தொரை. நாலு வயசு. கருப்பு வெள்ளை. மீனு இல்லாம சோத்துல வாய வைக்க மாட்டான், ஆனா கடல்ல கால வைக்கவும் மாட்டான். எங்க தெருவுல மீனு விக்கிற அக்காங்க கேக்குறாங்க, குலைக்காத நாய வச்சிருக்கியே, திருடன் வந்தா யாருடா குலைப்பான்னு. நான் குலைக்கிறேன்னு சொல்லிட்டேன். எம் பொண்டாட்டி, இப்ப மட்டும் என்ன பண்றியாம்னு கேக்குறா."

சிரித்தார்கள். பூர்ணிமாவும் சிரித்தாள். ஏழு வாரத்தில் அதுதான் முதல் தடவை. இராமதாஸ் அதைப் பார்த்தார்.

"ஸ்ட்ரிப் சுத்தம்" என்று முடித்து உட்கார்ந்தான் பிரேம்குமார்.

இந்தச் சாதிக்கு ஒரு சிறுநீரக வியாதி உண்டு. மூத்திரத்தில் சர்க்கரை இறங்கும். மாதம் ஒரு தடவை ஸ்ட்ரிப் என்கிற சோதனைப் பட்டையை அதில் நனைத்து நிறம் பார்க்க வேண்டும். பார்த்ததைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட வேண்டும். குட்டிகள் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போகின்றன. ஒருவர் மறைத்தால் நாலு வீட்டில் அழுகை.

அடுத்து செல்வாம்பாள் எழுந்தார். எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், எழுபத்தெட்டு வயது, புருஷன் போய் ஆறு வருஷம். அவருடைய நாய் கிழடு. நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது.

"பிஜூ. பதினோரு வயசு. உங்களுக்கெல்லாம் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "நிறம் மாறிடுச்சு. ரெண்டு வாரமா. நாலு வாட்டி வச்சுப் பாத்தேன். நாலு வாட்டியும் பச்சை."

அந்தத் தோப்பில் இருந்த எல்லோருக்கும் பச்சை என்றால் என்னவென்று தெரியும்.

"சொல்லணும்ல" என்று உட்கார்ந்தார். "வீட்ல இருந்தா யாருக்கும் தெரியாது. ஆனா சொல்லணும்."

அடுத்தவள் மாலா. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. ஏழு மாதக் குட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.

"இது மல்லி. ஸ்ட்ரிப் சுத்தம். ஆனா ஒரு சத்தமும் இல்ல. பாடவே மாட்டேங்குது. குக்கர் வச்சுப் பாத்துட்டேன், சங்கு ஊதிப் பாத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு நானே பாடிக் காட்டச் சொன்னாரு. பாடுனேன். எழுந்து போயிடுச்சு."

"உன் பாட்டுக்கு நானும் எழுந்து போவேன்" என்றான் பிரேம்குமார். "தானா வரும்மா. வர்ற அன்னிக்குக் கிட்ட போயிடாத, அவ்ளோதான். நின்ன எடத்துல நில்லு."

"இராமதாஸ் சார் நாய் எதுக்குப் பாடுச்சு? அந்த..."

பக்கத்திலிருந்தவர் அவள் கையைத் தொட்டார். மாலா நிறுத்திக்கொண்டாள்.

இராமதாஸின் முறை வந்தது. எழுந்தார்.

"பேரு முத்து. வயசு ரெண்டரை. செம்பழுப்பு. பெங்களூர்லேர்ந்து கொண்டாந்தது. ஸ்ட்ரிப் சுத்தம்."

எல்லோரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். பாடுகிற நாய் என்றால், எதற்குப் பாடும் என்று சொல்லித்தான் அந்த வட்டத்தில் முடிப்பார்கள். இந்த இடத்தில் சொல்லிவிட முடியும் என்று அவருக்குத் தோன்றியது. மதாம் சொன்ன மாதிரி, இரண்டு வாக்கியத்தில். வாயைத் திறந்தார்.

"பாடாது" என்றார்.

பலர் தரையைப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்ததும் பூர்ணிமா காதருகே கேட்டாள். "பாடும்னு அம்மா சொல்லிருக்குதே?"

"இப்ப பாடறதில்ல."

அவள் முத்துவின் முதுகில் கைவைத்தாள். "அதுக்கும் தெரியுது" என்றாள்.

அறிமுகம் முடிந்து நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். தோப்பின் கோடியில் பிரேம்குமாரின் மனைவி வஞ்சிர மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். பிரேம்குமார் இராமதாஸைப் பம்புசெட்டுத் திண்டில் உட்கார வைத்து, படகு எஞ்சின் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர் காது அதில் இல்லை. தூரத்தில் பூர்ணிமா நாற்காலியை இழுத்துப் போட்டு மதாமின் பக்கத்தில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிஜூவைக் குனிந்து தடவினாள். மதாம் என்னவோ கேட்டார். பூர்ணிமா பேசினாள். பேச்சு கேட்கவில்லை. பேசிக்கொண்டே தன் மடியில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். அவளைப் பார்க்காமலே அந்த வார்த்தைகளை அவரால் சொல்ல முடியும்.

மதாம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து போனை எடுத்தார்.

இராமதாஸ் எழுந்தார்.

"உக்காருங்கண்ணா, மீனு ஆயிடுச்சு."

"தோ வரேன்."

முப்பது அடி இருக்கும். பாதித் தூரத்திலேயே மதாமின் குரல் கேட்டது. காது மந்தமானவர், உரக்கத்தான் பேசுவார்.

"பிரேம் இதப் பத்தி யாரும் பேசக் கூடாதுன்னான். அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும். எங்க வீட்டுக்காரரு, முசியே, போனதுக்கப்புறம் நான் வீடு பூராத் தேடினேன். போட்டோ இருக்கு, கடுதாசி இருக்கு. அவரு என் பேரச் சொன்ன குரல் ஒண்ணு கூட இல்ல. உங்க அப்பா உங்க அம்மாவக் கூப்பிடுற குரல் இதுல இருக்கு. எவ்வளவு ஆசையாக் கூப்பிடுறாரு பாரு. இது உங்கிட்ட இருக்கணும்."

"மதாம்" என்றார் இராமதாஸ்.

மதாமுக்குக் கேட்கவில்லை. விரலால் திரையைத் தொட்டார். சத்தத்தை எப்போதும் முழுசாக வைத்திருக்கிறவர்.

முத்துவின் குரல் தோப்பில் எழுந்தது.

பம்புசெட்டுப் பக்கம் படுத்திருந்த தொரை தலையைத் தூக்கியது. காதை முன்னால் மடக்கியது. பிறகு கழுத்தை நீட்டிப் பாடியது. விழுப்புரத்திலிருந்து வந்த நாலும் சேர்ந்துகொண்டன. நாற்காலிக்கு அடியிலிருந்து பிஜூ, படுத்தபடியே, கம்மிய குரலில். கடைசியாக மாலாவின் குட்டி, அதுவரை வாயே திறக்காதது, நாலு காலையும் அகட்டி நின்று பாடியது.

யாரும் அசையவில்லை. வறுக்கிறவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கைகள் மட்டும் மெல்லப் பைக்குள் போயின. போன்கள் மேலே வந்தன. மாலா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் படம் பிடித்தாள்.

இராமதாஸும் நின்றுவிட்டார். பத்து அடி எட்டி வைத்தால் போனைப் பிடுங்கிவிடலாம். கால் வரவில்லை. இரண்டு வருஷத்துப் பழக்கம் அவரை நட்டுவைத்த மாதிரி நிறுத்தியது.

அத்தனை சத்தத்துக்கும் நடுவே அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது. பாக்கியம், இங்க வந்து பாரு. உம்புள்ள பாடுறான். கொஞ்சம் இடைவெளி. பின்னால் எங்கோ தண்ணீர் கொட்டுகிற சத்தம். அப்புறம் சிரிப்பு. வரமாட்டா. மகாராணி தூக்கம்.

முத்து மட்டும் பாடவில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

வீடியோ முடிந்தது. நாய்கள் ஒவ்வொன்றாக நிறுத்தின. மாலா குட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "பதிவாச்சா, பதிவாச்சா" என்று யாரோ கேட்டார். மதாம் பூர்ணிமாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பிஜூவுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். போனை அவளிடமே விட்டுவிட்டார், அனுப்பிக்கொள்ளட்டும் என்று.

பூர்ணிமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தள்ளித் தேதியைப் பார்த்தாள். தன் போனை எடுத்து அதில் எதையோ தேடினாள். இரண்டு போனையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு எழுந்து அவரிடம் வந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எட்டாந்தேதி போட்டிருக்கு" என்றாள். "மூணு அம்பத்திரண்டு."

அவர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வஞ்சிர மீனைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு நாப்பத்தஞ்சு வரைக்கும் அம்மா எங்கிட்டதான் பேசிக்கினு இருந்துச்சு. உங்கிட்ட நான் அத சொல்லல. சொன்னா அழுதுடுவேன்னு சொல்லல. துணி ஊறுதுடி, அலசிட்டு வந்து கூப்புடுறேன்னு போன வச்சுது."

அவள் குரல் உயரவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்கிற பிள்ளையின் குரலாகத்தான் இருந்தது. அவள் இன்னும் அவருக்கு ஒரு வழி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அது தூங்கலப்பா. நீ கூப்ட்டும் வரல. எழுந்து போய்ப் பாத்தியா?"